இடப்பக்கம் இரண்டு விரற்கடை

அத்தியாயம் 3

அந்த ஆபீசுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கதவு எண் கிடையாது. அழைப்பு மணிகூடக் கிடையாது. அதனால்தான் நானும் அண்ணியும் எதிர்க் கதவைத் திறந்துகொண்டு ஒரு பல் டாக்டரின் அறைக்குள் நுழைந்து, வாயைப் பிளந்தபடி சாய்ந்திருந்த ஒருவரைத் திடுக்கிட வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு வெளியே வர வேண்டியதாயிற்று.

"கம்ப்யூட்டர்காரங்க எதிர்க் கதவு," என்றார் டாக்டர் சலிப்போடு. "வாரத்துக்கு நாலு பேர் இப்படித்தான் வர்றாங்க. போன வாரம் ஒருத்தருக்குப் பல்லையே பிடுங்கிட்டேன்."

"அழகுக்காக எல்லாத்தையும் எடுத்துட்டாங்க போல," என்றேன் அண்ணியிடம். "நல்ல வேளை, கதவை விட்டு வச்சாங்களே!"

"தம்பி, உள்ள வந்து வாயை அடக்கு. அவங்க நொந்து போயிருக்காங்க."

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருஷம் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். எழுத்துப் பிழை அலுத்துப்போய், மனுஷர்களின் பிழையைத் தேடக் கிளம்பித் துப்பறிவாளராகிவிட்டார். நான் அவருடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவேன், கதவு தட்டுவேன், தேவையில்லாத இடத்தில் ஜோக் அடிப்பேன். சம்பளம் கேட்க முடியாது. மூன்று வேளையும் அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.

உள்ளே சுவர் வெள்ளை, மேசை வெள்ளை, நாற்காலி வெள்ளை. ஹெல்மெட்டை வைக்க ஓர் ஆணிகூட இல்லை. கடைசிவரை அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்களை வரச் சொன்னவர் அந்த நிறுவனத்தின் முதலாளியம்மா. அங்கே எல்லாருக்கும் அவர் 'அக்கா'. நாற்பதைத் தாண்டியவர், நரையை மறைக்காதவர். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். அழுததால் கோபமா, கோபத்தில் அழுதாரா என்று பிரிக்க முடியவில்லை.

"யார் செஞ்சாங்கன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம்," என்றார், நாங்கள் உட்காரும் முன்பே. "அது எனக்குத் தெரியும். ஆதாரம் மட்டும் குடுங்க."

"யாரு செஞ்சாங்க?"

"என் தங்கச்சி."

விஷயம் இதுதான். இவர்கள் 'வெள்ளைத்தாள்' என்று ஒரு மென்பொருள் செய்கிறார்கள். கணினியில் எழுதுகிறவர்களுக்கானது. திறந்தால் திரை முழுக்க ஒரே ஒரு வெள்ளைத் தாள். பொத்தான் வரிசை இல்லை, பட்டியல் இல்லை, மூலையில் மணி அடித்து "உங்களுக்கு ஒரு தகவல்" என்று நச்சரிக்கும் எதுவும் இல்லை. மற்ற ஜன்னல்களை எல்லாம் மூடி மறைத்துவிடும். எழுதுகிறவரும் எழுத்தும் மட்டும்தான். எழுத எழுத மேலே உள்ள பழைய வரிகள் மெல்ல மங்கிக்கொண்டே போகும். பார்த்தால் எனக்கே ஏதாவது எழுதலாம் என்று தோன்றியது. நல்ல வேளையாக உடனே சரியாகிவிட்டது.

அதன் புதிய பதிப்பு வருகிற திங்கட்கிழமை வெளியாக வேண்டும். ஆனால் இந்தத் திங்கட்கிழமையே வேறொரு நிறுவனம் 'தூயதாள்' என்று ஒன்றை வெளியிட்டுவிட்டது. அச்சு அசல் அதே தாள், அதே எழுத்து, அதே மங்கல்.

"ஒவ்வொரு கோடும் அவ வரைஞ்சது. கோப்பு முழுக்க அவகிட்டதான் இருக்கு. வேற யாரு குடுத்திருக்க முடியும்?" அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லார் முன்னாடியும் திருடின்னு சொன்னேன். ஒரு வார்த்தை பேசலை. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இப்ப எங்கேயோ தூரத்து ஊர்ல ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருக்காம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவ பதில் சொல்லணுமாம். அதுக்கு முன்னாடி எனக்கு ஆதாரம் வேணும். அவங்களுக்குச் சொல்லணும்ல, இவளை நம்பாதீங்கன்னு."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

"எல்லார் முன்னாடியும்னா எத்தனை பேரு?" என்று கேட்டார் அண்ணி.

"அவர் ஒருத்தர்தான்," என்று அக்கா கைகாட்டினார்.

மூலையில் காதை முழுக்க மூடிய ஹெட்போனோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிரல் எழுதுகிறவர். அக்கா, தங்கச்சி, இவர் என மொத்த ஆபீசே மூன்று பேர்தான். அவருக்கு ஹெட்போன் என்றே பெயர் வைத்துவிட்டேன். கழற்றினால் காதும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது.

கூடத்தில் வெள்ளையாக இல்லாத ஒரே இடம் பின்பக்கச் சுவர். அதில் நூற்றுக்கணக்கான மஞ்சள் சீட்டுகள் குத்தப்பட்டிருந்தன.

"இது என்னங்க, கல்யாண மொய்ப் பட்டியலா?"

"நீக்கல் சுவர்," என்றார் ஹெட்போன், ஒரு காதை மட்டும் திறந்து. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீக்கல் கூட்டம் போடுவோம். ஆளுக்கு ஒரு பொருளைத் திரையில இருந்து எடுக்கணும். எடுத்ததை இங்க எழுதிக் குத்திடுவோம். யாருக்காவது பிடிக்கலைன்னா ஆட்சேபம் எழுதலாம்."

"ஆட்சேபம் எழுதினா திரும்ப வருமா?"

"இதுவரைக்கும் வந்ததில்லை. அக்கா ஒண்ணை எடுத்தா எடுத்ததுதான்."

ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரி. நீக்கியது, நீக்கியவர், ஆட்சேபம். அச்சிடும் பொத்தான், தேதி, கடிகாரம், வார்த்தை எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாக உயிரை விட்டிருந்தன. அண்ணி பிழை திருத்துகிற வேகத்தில் படித்துக்கொண்டே போனார். மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு சீட்டில் மட்டும் ஆட்சேபம் இடம் போதாமல் பின்பக்கம் வரை ஓடியிருந்தது.

*நீக்கியது: சிவப்புப் புள்ளி. நீக்கியவர்: அக்கா. ஆட்சேபம்: தாளுக்கு வெளிய ஏதாவது ஓடிக்கிட்டிருந்தா எழுதறவங்களுக்கு அது தெரியணும் அக்கா. சின்னதா ஒரு புள்ளிதானே. மூலையில இருந்துட்டுப் போகட்டும். ப்ளீஸ்.*

அதன் கீழே அக்காவின் கையெழுத்தில் மூன்றே வார்த்தை: *தூசி மாதிரி இருக்கு.*

வரிசையின் கடைசிச் சீட்டைப் பார்த்தபோது எனக்கு ஜோக் வரவில்லை. இந்தத் திங்கட்கிழமை தேதி போட்டு, அதே சின்னக் கையெழுத்தில் எழுதியிருந்தது.

*நீக்கியது: நான். நீக்கியவர்: அக்கா. ஆட்சேபம்:*

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"அக்கா இதைப் பார்த்தாங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

"அவங்க சுவர்ப் பக்கமே வர மாட்டாங்க," என்றார் ஹெட்போன். "எடுத்ததைத் திரும்பிப் பார்க்கற பழக்கம் அவங்களுக்குக் கிடையாது."

அண்ணி கைப்பையிலிருந்து தன் பழைய இரும்பு ஸ்கேலை எடுத்தார். அச்சகத்தில் இருந்து வரும்போது அவர் கேட்டு வாங்கிவந்த ஒரே பொருள் அதுதான்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறங்க."

ஹெட்போன் தன் கணினியில் வெள்ளைத்தாளையும், இன்னொன்றில் தூயதாளையும் திறந்தார். எனக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தன. அண்ணி மட்டும் திரையில் ஸ்கேலை வைத்து அளந்தார். அப்புறம் விரலை வைத்து அளந்தார்.

"உங்களோடதுல எழுத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டிருக்கு. அவங்களோடதுல இடப்பக்கம் ரெண்டு விரற்கடை அதிகம்."

"காப்பி அடிக்கும்போது கை நடுங்கியிருக்கும்," என்றேன்.

"நடுக்கமா? விளம்பரமே அதை வச்சுத்தான் பண்றாங்க. படிங்க," என்று ஹெட்போன் ஒரு படத்தைக் காட்டினார். தூயதாளின் விளம்பரம். பெரிய எழுத்தில், 'இடப்பக்கம், மூச்சுவிட ஓர் இடம்' என்று போட்டிருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். "இதுல என்ன வித்தியாசம்? என்னோடதும் அப்படித்தானே இருக்கு?"

அண்ணியின் ஸ்கேல் அந்தரத்தில் நின்றது.

"உங்களோடதா? எங்க?"

"என் ரூம்ல."

அக்காவின் அறை எப்போதும் பூட்டியே இருக்கும். சாவி அவர் கழுத்துச் செயினில் தொங்கியது. உள்ளே ஒரு மேசை, ஒரு பழைய திரை. ஹெட்போன் தூயதாளையும் ஒரு மடிக்கணினியில் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வைத்தார். இப்போது இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தன.

அண்ணி குனிந்து அக்காவின் திரையின் இடது ஓரத்தைத் தடவினார். அங்கே மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டை. சரியாக இரண்டு விரற்கடை.

"இது என்ன?"

"மூணு வருஷம் முன்னாடி இதுமேல பேப்பர் வெயிட் விழுந்துடுச்சு. அந்த ஓரம் செத்துப்போச்சு. நாங்க முதல்ல வாங்கின திரை இது, தூக்கிப் போட மனசு வரலை. எழுத்து மறையுதேன்னு தங்கச்சிதான் என் மெஷின்ல மட்டும் தாளை ரெண்டு விரற்கடை தள்ளி வச்சா." அக்கா சட்டென்று நிறுத்தினார். "எனக்கு மறந்தே போச்சு."

"அப்ப கேளுங்க," என்று அண்ணி ஸ்கேலை மடக்கிய கையில் தட்டினார். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டரைத் திட்டுவதற்கு முன்னால் இப்படித்தான் தட்டுவாராம். "உங்க தங்கச்சி திருடியிருந்தா சுத்தமான கோப்பைக் குடுத்திருப்பாங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கும். இந்தத் தள்ளல் ஒரு ஒட்டுன்னு உலகத்துலயே நல்லாத் தெரிஞ்ச ஆள் அவங்கதான். அவங்க போய் ஒட்டையும் சேர்த்து விப்பாங்களா? திருடினவனுக்கு அது ஒட்டுன்னே தெரியலை. அழகுன்னு நெனைச்சு விளம்பரம் வேற போட்டிருக்கான்!"

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப யாரோ என் ரூமுக்குள்ள வந்து போட்டோ எடுத்திருக்காங்க."

"போட்டோவுல வரி மங்கறது தெரியாது. அதை அச்சு அசலா எடுத்திருக்காங்க. ஓடற படமாத்தான் பார்த்திருக்கணும்." அண்ணி ஹெட்போனைப் பார்த்தார். "ரெண்டுலயும் ஒரு பத்தி எழுதி முடிங்க."

ஹெட்போன் வெள்ளைத்தாளில் ஒரு வரி எழுதி என்டர் தட்டினார். தாள் புரளும் சத்தம் 'சரக்' என்று மெல்லக் கேட்டது. தூயதாளில் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

"இதைத்தான் திங்கட்கிழமையிலேர்ந்து சொல்லணும்னு இருந்தேன், யாரும் கேக்கலை," என்றார் ஹெட்போன். "அந்த ஒரு சத்தத்துக்கு நாலு மாசம் உழைச்சேங்க. தங்கச்சி கொடுத்திருந்தா இதை விட்டுட்டா கொடுத்திருப்பாங்க? இதை விட்டுட்டுத் திருடினதுதான் எனக்கு அவமானமா இருக்கு."

"திருடனுக்குக் கண்ணு இருக்கு, காது இல்லை," என்றார் அண்ணி. "இன்னொண்ணும் இருக்கு. அவன் இந்தக் கறுப்புப் பட்டையைப் பார்க்கலை. பார்த்திருந்தா இடைவெளி எதுக்குன்னு புரிஞ்சிருக்கும். அப்ப அவன் இந்த ரூம்ல நிக்கலை. திரையோட கண்ணாடியைப் பார்க்கலை. கண்ணாடிக்கு உள்ள இருக்கறதை மட்டும் பார்த்திருக்கான்."

"பேயா?" என்றேன்.

"உன்னை விடக் கெட்டிக்காரப் பேய்." அண்ணி அக்காவிடம் திரும்பினார். "கடைசியா யாருக்காவது உங்க திரையைக் காட்டினீங்களா? கம்ப்யூட்டர் வழியா?"

"விளம்பரக்காரருக்கு. எங்களுக்கு அவர்தான் எப்பவும் விளம்பரம் எழுதறவர், ரொம்ப வருஷப் பழக்கம். பழைய பதிப்பைக் காட்டினேன், புதுசை இல்லை. பதினெட்டு நாள் ஆச்சு. கம்ப்யூட்டர்ல திரையைக் காட்டிக்கிட்டே போன்ல பேசினோம். இதுல மைக் கிடையாது."

"பேசி முடிச்சுட்டு?"

"போனை வச்சுட்டேன்."

"கம்ப்யூட்டர்ல?"

அக்கா வாயைத் திறந்தார். மூடினார்.

"போனை வச்சுட்டேன்," என்றார் மறுபடியும்.

"அப்புறம் வெள்ளைத்தாளைத் திறந்திருப்பீங்க. அது மத்த எல்லாத்தையும் மூடி மறைச்சிடும். மெஷினை அணைச்சீங்களா?"

"அணைக்கறதே இல்லைங்க," என்று ஹெட்போன் போட்டுக்கொடுத்தார். "திரையை மட்டும்தான் அணைப்பாங்க."

"தம்பி, சுவர்ல இருக்கற அந்தப் புள்ளிச் சீட்டை எடுத்துட்டு வா."

எடுத்துவந்து கொடுத்தேன். அக்கா அதை வாங்கி, தன் கையெழுத்தில் இருந்த 'தூசி மாதிரி இருக்கு' என்பதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்போன் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். வெள்ளைத்தாள் ஒதுங்கியது. அதன் அடியில், யாரும் பார்க்காமல் ஒரு சின்ன ஜன்னல் உட்கார்ந்திருந்தது.

'உங்கள் திரை பகிரப்படுகிறது. பார்ப்பவர்: விளம்பரக்காரர். நேரம்: 18 நாள் 2 மணி.'

"அடப்பாவி!" என்றேன். "ஒருத்தரும் என்னைப் பதினெட்டு நிமிஷம்கூடத் தொடர்ந்து பார்த்ததில்லை!"

அக்கா பாய்ந்து அதை மூடப் போனார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதீங்க. இப்ப மூடினா, 'நான் மறந்தே போயிட்டேன் மேடம், எதையும் பார்க்கலை'ன்னு கையை விரிச்சிடுவாரு. பார்த்தாருன்னும் நிரூபிக்கணும், கொண்டுபோய்க் குடுத்தாருன்னும் நிரூபிக்கணும்." ஹெட்போன் அந்த ஜன்னலைத் தன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு, தாளை மறுபடி அதன்மேல் இழுத்து மூடினார். இந்த ஆட்டமெல்லாம் ஒரு நிமிஷம்தான். மணி பதினொன்று பத்து. அந்த ஆள் அந்நேரம் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நாங்கள் அடுத்த அறைக்கு வந்தோம். திருடனுக்குக் காது இல்லை என்று தெரிந்தும் நான் கிசுகிசுவென்றே பேசினேன்.

"அவர் பார்க்கற மாதிரி ஏதாவது பொய்யா எழுதணும்," என்றார் அண்ணி. "யாருக்குமே தோணாத ஒண்ணு. அது தூயதாள்ல வந்துச்சுன்னா மாட்டிக்கிட்டாங்க."

"இவங்கதான் எல்லாத்தையும் எடுக்கறவங்களாச்சே," என்றேன். "அழிக்கற பொத்தானையும் எடுத்துட்டோம்னு எழுதுங்க. எழுதினா எழுதினதுதான், தப்பா அடிச்சா தலையெழுத்து!"

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஆறு வருஷமா சோறு போட்டதுக்கு இன்னிக்குத்தான் பலன்."

அக்கா தன் அறைக்குப் போய், தாளில் எழுதினார். *திங்கட்கிழமைக்கான ரகசிய அம்சம். அழிக்கும் பொத்தான் இனி வேலை செய்யாது. எழுதியது எழுதியதுதான். உலகத்திலேயே முதல் முறை.* எழுதி என்டர் தட்டினார். சரக்.

அதன்பிறகு காத்திருப்பு. அந்த ஆபீசில் கடிகாரத்தையும் எடுத்துவிட்டிருந்ததால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் என் கையைப் பிடித்துத் திருப்பி மணி பார்த்தார்கள். ஒன்று ஆயிற்று. இரண்டு ஆயிற்று. வாங்கிவந்த சாப்பாட்டை அக்கா தொடவில்லை. அவருடையதையும் நான் பார்த்துக்கொண்டேன்.

"அவ மூணு வாரம் கெஞ்சினா," என்றார் அக்கா திடீரென்று, யாரையும் பார்க்காமல். "ஒரு புள்ளிக்காக. நான் காதுலயே போட்டுக்கலை. எங்க அம்மா போனதும் அவளுக்குச் சட்டை தைச்சுப் போட்டு, தலை பின்னி விட்டு வளர்த்தவ நான். அந்தப் பிள்ளையைப் பார்த்து எப்படிங்க எனக்கு அந்த வார்த்தை வந்துச்சு?"

அண்ணி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

மூன்று இருபதுக்கு ஹெட்போன் கத்தினார். அவர் கத்துவார் என்பதே அன்றுதான் அந்த ஆபீசுக்குத் தெரிந்தது.

"வந்துடுச்சு! புதுசா விட்டிருக்காங்க!"

ஓடினோம். தூயதாளின் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அறிவிப்பு மின்னியது. 'அழிக்கும் பொத்தான் இனி இல்லை! எழுதியது எழுதியதுதான்! உலகத்திலேயே முதல் முறை!'

"ஒரு வார்த்தையாவது மாத்தியிருக்கலாம்," என்றார் அண்ணி, பிழைதிருத்தியின் ஏமாற்றத்தோடு.

"நாலு மணி நேரத்துல எப்படிங்க செஞ்சாங்க?" என்றேன்.

"ஒரு விசையைச் செயலிழக்க வைக்க ஒரு வரி போதும்," என்றார் ஹெட்போன். "ஆனா அதை வெளியிட நிறையத் தைரியம் வேணும்."

கீழே பயன்படுத்தியவர்கள் அதற்குள் பொங்க ஆரம்பித்திருந்தார்கள். முதல் ஆள் எழுதியிருந்தார்: 'என் பேரையே தப்பா அடிச்சிட்டேன். இனிமே சாகிற வரைக்கும் அதுதானா?'

ஹெட்போன் எல்லாவற்றையும் படம் எடுத்து முடித்ததும், அண்ணி அக்காவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தாளில் தட்டினார்.

*விளம்பரக்காரரே, பதினெட்டு நாள் கண் இமைக்காமல் பார்த்ததற்கு நன்றி. நாங்களும் உங்களைப் பார்த்துவிட்டோம். இடப்பக்க இடைவெளி அழகு இல்லை, திரை உடைந்திருக்கிறது.*

சரக். தாளை ஒதுக்கிப் பார்த்தோம். நான்கு நொடி. ஐந்தாவது நொடியில் அந்தச் சின்ன ஜன்னல் காணாமல் போயிற்று. அதற்கடுத்த நிமிஷம் அக்காவின் போன் அடித்தது. திரையில் அந்த ஆளின் பெயர். அண்ணி அதை எடுக்க விடவில்லை.

"மீதியை உங்க வக்கீல்கிட்ட பேசட்டும். உங்களுக்கு இப்ப வேற வேலை இருக்கு."

அக்கா என் கையைத் திருப்பி மணி பார்த்தார். நான்கு மணி ஐந்து நிமிஷம்.

"அவளுக்குப் போன் பண்றேன்."

"போனை வச்சா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கற ஆள் நீங்க. நேர்ல போங்க."

அக்கா எழுந்தார். கூடத்தில் நேரே சுவரிடம் போனார். நான் சொல்லவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. வரிசையின் கடைசிச் சீட்டை அவரே கண்டுபிடித்தார். படித்தார். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கித்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது.

ஹெட்போனின் கார் சின்னது. நான் முன்னால், மடியில் ஹெல்மெட்டோடு. பின்னால் அக்கா அந்தச் சீட்டை முழங்காலில் வைத்து ஏதோ எழுதினார், நிறுத்தினார், இன்னும் எழுதினார். இரண்டு சிக்னலில் மாட்டினோம். மூன்றாவது சிக்னலில் நான் சாமி கும்பிட்டேன். தங்கச்சி இருக்கும் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு ஐம்பத்திரண்டு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி.

கதவைத் திறந்தவருக்கு முப்பது வயது இருக்கும். அக்காவின் அதே மூக்கு. பின்னால் கட்டிலில் பாதி அடுக்கிய பெட்டி. மேசையில் திறந்த மடிக்கணினி, அதில் எழுதி முடித்த ஒரு கடிதம். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"எதுக்கு வந்தே?" என்றார் தங்கச்சி.

அக்கா வழியெல்லாம் என்னென்னவோ ஒத்திகை பார்த்திருப்பார். ஒன்றும் வரவில்லை. சீட்டை மட்டும் நீட்டினார்.

தங்கச்சி வாங்கினார். அவர் தோளுக்கு மேலே நானும் படித்தேன். துப்பறிவாளரின் உதவியாளனுக்கு அந்த உரிமை உண்டு.

*நீக்கியது: நான். நீக்கியவர்: அக்கா.*

*ஆட்சேபம்: எனக்கு இருக்கு. காட்டிக்கொடுத்தது என் திரைதான். புள்ளியை எடுத்தது என் கை. திருடின்னு சொன்னது என் வாய். நீ சொன்னதைக் கேட்டிருந்தா எதுவுமே நடந்திருக்காது. நீ எதையும் எடுக்கலை, எனக்கு ரெண்டு விரற்கடை இடம்தான் பண்ணிக் குடுத்தே. நான் தப்பு பண்ணிட்டேன் கண்ணு. வந்துடு. வராட்டியும் பரவாயில்லை, என்னை மன்னிச்சிடு. சாப்பிட்டியா?*

கடைசி வரிக்கு இடமில்லாமல் சீட்டின் ஓரத்தில் சுற்றி வளைத்து எழுதியிருந்தது.

தங்கச்சி அதை இரண்டு தடவை படித்தார். அவர் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"இவ்வளவு நீளமா எழுதியிருக்கே," என்றார். "நீயா?"

"எதை எடுக்கறதுன்னு தெரியலை," என்றார் அக்கா. அவ்வளவுதான், உடைந்துபோய் ஓவென்று அழுதார். தங்கச்சி அவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். ஹெட்போன் மரியாதையாக இரண்டு காதையும் மூடிக்கொண்டார். அண்ணி கைப்பையில் ஸ்கேலைத் தேடுவதாகப் பாவனை செய்தார். நான்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஹெல்மெட்டுக்குள் பார்த்தேன்.

"புள்ளியைத் திரும்ப வச்சுடலாம்," என்றார் அக்கா மூக்கை உறிஞ்சியபடி. "வலது பக்கம், மேல."

"இடது பக்கம், கீழ."

"அங்க வச்சா என் திரையில தெரியாதுடி!"

"அப்ப புதுத் திரை வாங்கு!"

"ஐயா, அம்மா," என்று நான் குறுக்கே கையைத் தூக்கினேன். "மணி நாலு ஐம்பத்தொன்பது."

தங்கச்சி மேசைக்குப் போனார். அந்தக் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். முழுவதையும் தேர்ந்தெடுத்தார். விரலை உயர்த்தி, அழிக்கும் பொத்தானை அழுத்தினார்.

நல்ல வேளை, அவருடையதில் அது வேலை செய்தது.